படத்தின் எடை எங்கே இருக்கிறது?

(கைப்பேசி விளையாட்டுகளும் செயலிகளும் உருவாக்கும் இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் ஒரு சாரார் நிரல் எழுதுகிறவர்கள், மற்றவர்கள் படம் வரைகிறவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். இரு சாராரும் ஒரே அரங்கில் சேர்ந்து உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் இன்று பேசப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை, வரைகிறவருக்கு போனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததாலும், நிரல் எழுதுகிறவருக்குப் படம் எப்படி உருவாகிறது என்று தெரியாததாலும் வருகிறவை. எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் காணொளிகள் ஏராளம். ஒரு படம் உங்கள் மேசையிலிருந்து கிளம்பி விளையாடுகிறவரின் கைக்குப் போய்ச் சேரும்வரை அதற்கு என்னென்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். அது பிடிபட்டுவிட்டால் பொத்தான்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. அகலம் 2048 பிக்சல், உயரம் 2048 பிக்சல் உள்ள ஒரு பின்னணிப் படம். மாலை வானம், கீழே ஒரு பனங்காடு. பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் 400 கேபி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைந்தவருக்கு நிம்மதி; நிரலாளரும் தயங்காமல் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார். விளையாட்டு ஓடும்போது அந்தப் படம் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும்? 16 எம்பி. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் வேண்டும். 2048ஐ 2048ஆல் பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்கினால் 1,67,77,216 பைட். கோப்பு 400 கேபியாக இருந்தாலும் சரி, 40 கேபியாக இருந்தாலும் சரி, இந்த எண் மாறவே மாறாது.

பிஎன்ஜி கோப்பு என்பது சுருட்டி மூலையில் சாத்திய பாய். படுக்க வேண்டுமென்றால் விரித்தாக வேண்டும். விரித்தால் அதன் முழு நீள அகலத்துக்கும் தரை வேண்டும். போனில் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் ஜிபியு, பிஎன்ஜியையோ ஜேபெக்கையோ படிப்பதில்லை. அவற்றை விரித்துக் கொடுத்தால்தான் அதற்கு வேலை.

இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பல தவறான நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். படங்களை 256 நிறங்களுக்குக் குறைத்துக் கோப்பைச் சிறிதாக்கும் கருவிகள் இருக்கின்றன. பிஎன்ஜிகுவான்ட், டைனிபிஎன்ஜி இரண்டையும் உங்களில் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். நல்ல கருவிகள்தான். பயனர் தரவிறக்கும் அளவு குறையும், அவருடைய டேட்டா மிச்சமாகும். ஆனால் விளையாட்டு பாதியில் நின்றுபோகிறது என்ற புகாருக்கு அவை மருந்து ஆகா. அந்தப் புகார் நினைவகத்திலிருந்து வருகிறது. அழைப்பு வந்து பேசிவிட்டுத் திரும்பினால் விளையாட்டு முதல் திரையிலிருந்து தொடங்குகிறது என்று பயனர்கள் எழுதுவார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, போனில் இடம் போதாமல், பின்னால் கிடந்த கனமான செயலியை இயங்குதளம் மூடிவிட்டது. நான்கு அடுக்குப் பின்னணி, ஒவ்வொன்றும் 2048 சதுரம் என்றால் அதற்கே 64 எம்பி. தூரத்தில் சிறிதாகத் தெரியும்போது மினுங்காமலிருக்க மிப்மாப் எனப்படும் சிறிதாக்கிய நகல்களைச் சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 2 ஜிபி நினைவகம் உள்ள போனில் இயங்குதளமும் வாட்ஸ்அப்பும் மற்றவையும் எடுத்தது போக மீதியில்தான் நாம் குடியிருக்கிறோம்.

செயலி செய்கிறவர்கள் இது விளையாட்டுக்காரர்களின் தலைவலி என்று நினைத்துவிட வேண்டாம். போன் கேமராவில் எடுத்த 4000க்கு 3000 புகைப்படம் ஒன்றை விரித்தால் 4 கோடியே 80 லட்சம் பைட். அதைப் பட்டியலில் கட்டைவிரல் அளவில் காட்டுவதற்காக முழுசாக விரிக்கும் செயலிகளை நான் பார்த்திருக்கிறேன். பத்துப் படம் வரிசையாக வந்தால் செயலி விழுந்துவிடும். ஆண்ட்ராய்டில் படத்தை விரிக்கும்போதே இன்சாம்பிள்சைஸ் என்ற அமைப்பில் 4 என்று கொடுத்தால் நீளத்திலும் அகலத்திலும் நான்கில் ஒரு பங்காக, அதாவது 1000க்கு 750ஆக விரியும். இடம் பதினாறில் ஒரு பங்கு, 30 லட்சம் பைட். கிளைட், காயில் போன்ற நூலகங்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுதி அல்லல்பட வேண்டாம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். எடையைக் குறைக்க முதல் வழி வெட்டுவது. ஒரு பாத்திரத்தைப் பெரிய கேன்வாஸின் நடுவில் வரைந்து, சுற்றிலும் வெறுமையோடு அப்படியே அனுப்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வெறுமையாகத் தெரியும் பிக்சலுக்கும் நான்கு பைட், வரைந்த பிக்சலுக்கும் நான்கு பைட். 1024 சதுரத்தின் நடுவில் 300 சதுரப் பாத்திரம் நின்றால், நீங்கள் கொடுக்கும் 4 எம்பியில் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. ஓரம் ஒட்டி வெட்டுங்கள். வெட்டிய பிறகு பாத்திரம் நடக்கும்போது துள்ளினால், நிலைப்புள்ளியைக் கால் பாதத்தில் வைத்து எல்லா ஃபிரேமுக்கும் ஒன்றாக்குங்கள். வெட்டியவற்றை ஒரே பெரிய படத்தில் நெருக்கி அடுக்குவதுதான் அட்லஸ். டெக்ஸ்சர்பேக்கர் என்ற கருவி அதைச் செய்யும், யூனிட்டி எஞ்சினின் ஸ்ப்ரைட் அட்லஸும் செய்யும். ஐம்பது சின்னங்களை ஐம்பது தனிப் படங்களிலிருந்து எடுத்து வரையும்படி ஜிபியுவைக் கேட்பதற்கும், ஒரே படத்திலிருந்து எடுக்கச் சொல்வதற்கும் வேக வித்தியாசம் அதிகம். அடுக்கும்போது துண்டுகளுக்கிடையே இரண்டு பிக்சலாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு நிறம் நம் ஓரத்தில் கசியும். அட்லஸைப் பற்றி இவ்வளவு போதும்.

இன்னொரு வழி, ஒன்றையே பலவாகப் பயன்படுத்துவது. 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் பெட்டிக்குள் இருந்த மொத்த நினைவகம் 40 கேபி. நிரலுக்கு 32 கேபி, படங்களுக்கு 8 கேபி. அந்த 8 கேபியில் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட 512 சதுரத் துண்டுகள் அடங்கும், ஒவ்வொன்றும் 16 பைட். மாரியோ, எதிரிகள், செங்கல், குழாய், கோட்டை, எழுத்துகள் எல்லாம் அதற்குள். அந்த விளையாட்டில் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம். உலகம் முழுக்க எத்தனையோ பேர் வருடக்கணக்காக விளையாடியும் இதைக் கவனிக்கவில்லை. கலைத்திறன் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இன்று நமக்கு 40 கேபி என்ற கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் அந்த உத்தி அப்படியே செல்லும். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வகை எதிரிகள் வேண்டுமா? மூன்று முறை வரையாதீர்கள். வெள்ளையும் சாம்பலுமாக ஒரு முறை வரைந்து, நிறத்தை நிரலில் ஏற்றுங்கள். எல்லா எஞ்சினிலும் ஸ்ப்ரைட்டுக்கு ஒரு நிறப் பண்பு உண்டு. படத்தின் நிறத்தோடு அது பெருக்கப்படும். வெள்ளை கொடுத்த நிறமாகவே மாறும், சாம்பல் அதன் நிழலாகும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். வாடிக்கையாளர் ஒரு மாலை நேரத்தில் கூப்பிட்டு, நீல எதிரியைக் கத்தரிப்பூ நிறமாக்க முடியுமா என்று கேட்டால், நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

அசைவூட்டத்திலும் இதே கணக்குத்தான். நாயகன் நடக்க, ஓட, குதிக்க என்று 60 ஃபிரேம். ஒவ்வொன்றும் 256க்கு 512. ஒரு ஃபிரேமுக்கு அரை எம்பி, மொத்தம் 30 எம்பி. அதே நாயகனைத் தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கால் என்று பிரித்து வரைந்து, ஸ்பைன் போன்ற கருவியில் எலும்பு பூட்டி அசைத்தால், எல்லா உறுப்புகளும் 512 சதுர அட்லஸ் ஒன்றில் அடங்கும். 1 எம்பி. சட்டையை மாற்ற வேண்டுமென்றால் உடலையும் கைகளையும் மட்டும் திருத்தினால் போதும். கையால் வரைந்த ஃபிரேம்களுக்கு ஒரு உயிர்த்துடிப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை நாயகனின் ஒரு முக்கியமான தருணத்துக்கு ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, ஜிபியுவுக்குப் புரியும் வகையிலேயே சுருக்குவது. பாயை விரிக்காமலே பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் கண்ட விடை இது. எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த ஈடிசி முறையும், ஏஆர்எம் நிறுவனம் முன்னின்று உருவாக்கி 2012இல் வந்த ஏஎஸ்டிசி முறையும் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஏஎஸ்டிசியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 பைட். கட்டம் பெரிதானாலும் அதே 16 பைட்தான். அதனால் கட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மிச்சம், அந்த அளவுக்குத் தரமும் குறையும். நம் 2048 பனங்காட்டையே எடுத்துக்கொள்வோம். நாலுக்கு நாலு கட்டத்தில் 16 எம்பி 4 எம்பியாகிறது. ஆறுக்கு ஆறில் ஏறத்தாழ 1.8 எம்பி. எட்டுக்கு எட்டில் 1 எம்பி. ஐபோனில் 2014இல் வந்த ஐபோன் 6 முதல் இதற்கு ஆதரவு உண்டு; இப்போது விற்கும் ஆண்ட்ராய்டு போன்களிலும் அநேகமாக உண்டு.

எல்லாப் படத்துக்கும் ஒரே கட்டத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் வரைகிறவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பனங்காடு, பாறை, புல், கூட்டம் போன்றவற்றுக்கு எட்டுக்கு எட்டு தாங்கும். கண் அங்கே நிலைப்பதில்லை. முகத்துக்கும் பொத்தானுக்கும் நாலுக்கு நாலு வேண்டும். மெல்ல நிறம் மாறும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதற்கு லேசாகப் புள்ளி தூவி மறைக்கலாம். பிக்சல் ஆர்ட் என்றால் சுருக்கவே கூடாது, அதுவே சிறியதுதான். இந்த முடிவுகளை எல்லாம் கணினித் திரையில் பார்த்து எடுக்காதீர்கள். போனில் ஏற்றிப் பாருங்கள். மேசைத் திரையில் பளிச்சென்று தெரியும் குறை, ஐந்தங்குலப் போனில் தெரியவே தெரியாது. போனில் கண்ணை உறுத்தும் குறை, மேசையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாகக்கூடத் தெரியும்.

எஞ்சினுக்குக் கொடுக்கும் படம் பிஎன்ஜியாகவே இருக்கட்டும். 1992இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக், எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் விவரத்தைத் தூக்கி எறிந்துவிடும். புகைப்படத்துக்கு அது சிறப்பு. ஆனால் ஏற்கெனவே விவரம் இழந்த படத்தை எஞ்சின் மறுபடி வேறு கட்டங்களில் சுருக்கும்போது சேதத்தின் மேல் சேதம் சேருகிறது. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கும் இடமில்லை. சாதாரணச் செயலிகளில் படங்களைச் சிறிதாக்க வெப்பி நல்ல தேர்வு, ஆண்ட்ராய்டு 4.3 முதலே ஒளிபுகும் வெப்பி படங்கள் அங்கே செல்லுபடியாகின்றன.

இப்போது சற்று நுணுக்கமான விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இதைச் சந்தித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நாயகியின் கூந்தலை அழகாக வெட்டி எடுத்திருக்கிறீர்கள். ஃபோட்டோஷாப்பில் குறையே இல்லை. விளையாட்டில், இருண்ட பின்னணியில் நிறுத்தினால், கூந்தலைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. வரைந்தவரைக் கேட்டால், என் படத்தில் வெள்ளையே இல்லை என்பார். நிரலாளரைக் கேட்டால், நான் ஒன்றும் செய்யவில்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

முழுவதும் ஒளிபுகும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு. ஒளிபுகாமை அளவு பூஜ்யம் என்றாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஏதோ ஒரு எண் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பல மென்பொருள்கள் அங்கே வெள்ளை என்று எழுதிவைக்கும், சில கறுப்பு என்று எழுதும். நாம் பார்க்கும்போது தெரியாது. ஆனால் படத்தை ஜிபியு சற்றே சிறிதாக்கியோ திருப்பியோ காட்டும்போது, ஒரு பிக்சலின் நிறத்தை அருகிலுள்ள நான்கு பிக்சல்களின் சராசரியாக எடுக்கிறது. கூந்தலின் ஓரத்தில் அந்த நான்கில் இரண்டு கறுங்கூந்தல், இரண்டு நம் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை. சராசரி சாம்பல். இருண்ட பின்னணியில் வெள்ளையாகத் தெரியும் கோடு அதுதான்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, ஓரத்து நிறத்தையே வெளியே, ஒளிபுகும் பகுதிக்குள் சில பிக்சல் தூரம் இழுத்துவிடுவது. அப்போது சராசரி எடுத்தாலும் கூந்தல் நிறமே வரும். யூனிட்டியில் ஆல்ஃபா இஸ் டிரான்ஸ்பரன்சி என்ற கட்டத்தில் குறியிட்டால் அது இதைச் செய்யும். டெக்ஸ்சர்பேக்கரிலும் வழி உண்டு. மற்றது, நிறத்தை ஒளிபுகாமை அளவால் முன்கூட்டியே பெருக்கிவைப்பது. லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் எழுதிய கட்டுரையில் இதன் கணிதத்தைத் தெளிவாக வைத்துவிட்டார்கள். அப்படிப் பெருக்கிய படம் என்றால் நிரலிலும் அதற்கேற்ற கலவை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் ஒரு முறையிலும் நிரல் வேறு முறையிலும் இருந்தால் கறுப்புக் கோடு வரும். எந்த முறை என்று திட்டம் தொடங்கும் முதல் நாளே இருவரும் பேசி முடிவெடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சில பிஎன்ஜி சுருக்கிகள், எப்படியும் தெரியாதே என்று ஒளிபுகும் பிக்சலின் நிறத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நீங்கள் பாடுபட்டு இழுத்துவிட்ட ஓரம் அதோடு போய்விடும்.

அடுத்து, நீளும் பொத்தான். ஆண்ட்ராய்டில் ஒன்பது துண்டுப் படம் என்று ஒரு வகை இருக்கிறது, நைன்பேட்ச் என்பார்கள். வட்டமான மூலைகள் கொண்ட ஒரு பொத்தானை 64 பிக்சல் சதுரத்தில் வரையுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு பிக்சல் சட்டம் விடுங்கள். மேல் சட்டத்திலும் இடது சட்டத்திலும் நடுப்பகுதிக்கு நேராகக் கறுப்புக் கோடு போட்டால், அந்தப் பகுதி மட்டும் நீளும், மூலைகள் அப்படியே இருக்கும். வலது, கீழ்ச் சட்டங்களில் போடும் கோடு, எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும். யூனிட்டி, கோடோ போன்ற எஞ்சின்களில் கோடு போடாமல் எண்ணாகக் கொடுக்கிறோம், தத்துவம் ஒன்றே. 900க்கு 200 அளவில் பத்துப் பொத்தான் வரைந்தால் 72 லட்சம் பைட். இந்த ஒரு 64 சதுரம் 16,384 பைட்டில் பத்து வேலையையும் பார்க்கும். நீளும் பகுதியில் மரத்தின் வரியோ பூவேலையோ போடாதீர்கள், இழுபட்டுப் பாழாகும். மேலிருந்து கீழாக மங்கும் நிறம் இருந்தால், பக்கவாட்டில் மட்டும் நீட்டுங்கள்.

நம் மொழியில் இது இன்னும் அவசியம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் "தொடர்ந்து விளையாடு" என்று எழுத வேண்டியிருக்கிறது. அகலம் நிலையாக இருக்கும் பொத்தானில் எழுத்தைப் பொடியாக்கித் திணிக்கிறார்கள். "ழூ", "ரூ" போன்றவற்றின் கீழ் நீட்டம் வெட்டுப்பட்டு நிற்கிறது. பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

தமிழ் எழுத்து என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். "கெ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது இடம் மாற்றி அடுக்குவது எழுத்து வடிவமைப்பு நிரலின் பொறுப்பு. யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோ அந்த வேலையைச் செய்வதில்லை. கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கோளாறுதான். இதற்குப் பயந்து நம் பிள்ளைகள் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் படமாக்கி ஒட்டுகிறார்கள்.

அது கூடாது என்று உரிமையோடு சொல்கிறேன். ஒவ்வொரு சொல்லும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். பிழை திருத்த வேண்டுமென்றால் படம் வரைகிறவரைத் தேட வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரின் போனில், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக் அந்தச் சொல்லைப் படிக்காது, அங்கே சொல் இருப்பதே அதற்குத் தெரியாது. 2023இல் வந்த கோடோ 4 எஞ்சினில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் உள்ளேயே இருக்கிறது. தமிழ் ஒழுங்காக வருகிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இயங்குதளமே தரும் எழுத்துப் பெட்டிகளில் எந்தச் சிக்கலும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. விளையாட்டின் பெயர்ப் பலகை ஒன்றை மட்டும் படமாக வரையுங்கள். அதை ஆசை தீர அலங்கரியுங்கள். மற்றவை எழுத்தாகவே இருக்கட்டும்.

திரை அடர்த்தியைப் பற்றி. ஆண்ட்ராய்டின் அடர்த்தி வகைகளில் எம்டிபிஐ ஒன்று என்றால், எச்டிபிஐ ஒன்றரை, எக்ஸ்எச்டிபிஐ இரண்டு, அதற்கு மேல் மூன்று, நான்கு. 24 டிபி, அதாவது எம்டிபிஐயில் 24 பிக்சல் வரும் அளவில் ஒரு சின்னம் வரைந்தால் 24, 36, 48, 72, 96 என்று எல்லா அடர்த்தியிலும் முழு எண் வருகிறது. 25 என்று வைத்தால் ஒன்றரை மடங்கில் 37.5. அரைப் பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது, கோடு மங்கும். பெரியதில் வரைந்து சிறிதாக்குங்கள், சிறியதை ஒருபோதும் பெரிதாக்காதீர்கள். எளிய சின்னங்களுக்கு ஆண்ட்ராய்டு 5.0 முதல் கிடைக்கும் வெக்டர் படங்களே போதும். எல்லா அடர்த்திக்கும் ஒரே கோப்பு. ஆனால் ஆயிரம் வளைவுகள் கொண்ட ஓவியத்தை வெக்டராக்கினால் அதை வரையப் போன் திணறும். முகப்புச் சின்னத்தை ஆண்ட்ராய்டு 8 முதல் 108 டிபி கேன்வாஸில் கேட்கிறார்கள். நடுவில் 66 டிபிக்குள் முக்கியமானதை வைத்துக்கொண்டால், போன் வட்டமாக வெட்டினாலும் சதுரமாக வெட்டினாலும் பழுதில்லை.

கடைசியாக, வேலை செய்யும் முறை. உங்கள் நேரம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வரைவதில் போகவில்லை. திரும்பத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்வதில், பெயர் மாற்றுவதில், ஐந்து அளவுகளில் சேமிப்பதில் போகிறது. இதற்கு நான் ஒரே ஒரு சோதனைதான் வைப்பேன். உங்கள் திட்டத்தில் மூலம் என்று ஒரு கோப்புறை, வெளியீடு என்று ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் லேயர்களோடு அசல் கோப்புகள். வெளியீட்டில் எஞ்சினுக்குப் போகும் பிஎன்ஜிகள். இப்போது வெளியீட்டுக் கோப்புறையை முழுவதுமாக அழித்தால் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கட்டளையில், சில நிமிடங்களில் என்றால் உங்கள் முறை சரி. இரண்டு நாள் ஆகும் என்றால், உங்கள் திட்டம் கலைந்த சீட்டுக்கட்டுதான்.

அதற்கான கருவிகள் பழையவை, நம்பகமானவை. ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் என்பது 1990களிலேயே வந்துவிட்டது. லேயருக்கே கோப்பின் பெயரை வைத்தால் தானாகவே எக்ஸ்போர்ட் செய்யும் வசதி 2013 முதல் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம் என்றால் இமேஜ்மேஜிக் இருக்கிறது. டூபான்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் கிறிஸ்டி 1987இல் தொடங்கிய மென்பொருள், இன்றும் இலவசம். ஒரு கோப்புறையிலுள்ள முந்நூறு படங்களை ஒரே வரிக் கட்டளையில் ஓரம் வெட்டி, அளவு குறைத்து, வேறு கோப்புறையில் எழுதிவிடும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: அதிலுள்ள மோக்ரிஃபை கட்டளை, வேறு கோப்புறையைக் காட்டாவிட்டால் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

அசலில் எதையும் அழிக்காமல் திருத்தப் பழகுங்கள். அழிப்பானை எடுப்பதற்குப் பதில் லேயர் மாஸ்க். நிறத்தை நேரடியாக மாற்றுவதற்குப் பதில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல செய்தி, 2025இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களையும் அழிக்காமல் போட்டு எடுக்க முடிகிறது. கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மூன்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு மற்றதை ஏற்காது. கடைசி, கடைசியிலும் கடைசி, புதுக்கடைசி என்று பெயர் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பதிப்புகளை வைத்துக்கொள்ள கிட் இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். யூனிட்டியின் மெமரி புரொஃபைலரையோ ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் புரொஃபைலரையோ திறந்து, உங்கள் செயலியில் நினைவகத்தை அதிகம் தின்னும் ஐந்து படங்களைக் கண்டுபிடியுங்கள். வரைந்தவரும் நிரல் எழுதியவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த ஐந்தை மட்டும் இன்று பேசியபடி திருத்துங்கள். திருத்தியதை உங்கள் புதிய போனில் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த, பழைய போனைக் கேட்டு வாங்கி, அதில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் விளையாட்டை விளையாடப்போகிறவர்களில் பலர் கையில் இருப்பது அந்த மாதிரிப் போன்தான். அவர்களுக்கும் அது தடையில்லாமல் ஓட வேண்டும்.